வதனி வெட்டிய தீக்கிடங்குகள்

வதனி தன் முதல் தீக்கிடங்கை, தீ மூட்டுகிற குழியை, வெட்டியது ஒரு பாடசாலையின் சைக்கிள் கொட்டிலுக்குள். 2004 டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி. கடல் ஊருக்குள் வந்து போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலைகள் எல்லாம் முகாமாகியிருந்தன. அவள் இருந்த பாடசாலையில் நானூறு பேர். முதல் இரண்டு நாளும் பாணும் பிஸ்கட்டும் வந்தன. மூன்றாம் நாள் ஒரு லொறி அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. அரிசி இருந்தது, ஆனால் அடுப்பு இல்லை. மூன்று கல் வைத்து மூட்டிய தீயை மார்கழி மழை அணைத்தது. மழை விட்டால் வாடைக்காற்று வந்து அதைக் கலைத்தது. பெண்கள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து போயிருந்தார்கள்.

வதனி அந்த மூன்று நாளும் ஓரிடத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காதுக்குள் தண்ணீர் இரைந்தது. எழுந்து நடந்தால் அது கொஞ்சம் அடங்கும். ஆகவே பாடசாலை விறாந்தையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஏழு வயது மகள் நிருஷா அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பிள்ளைக்குக் கால் ஓய்ந்ததும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அவர்களுடைய ஊர் புன்னைமுனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரு கீற்று மணல். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் மகளும் வாவிப் பக்கம் இறால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். புருஷன் தங்கராசா கடல் பக்கம் கரைவலை இழுக்கப் போயிருந்தான். முதலில் நாய்கள் வாவியை நோக்கி ஓடிவந்தன. பிறகு ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ, பனை உயரத்தில், வீடுகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. வதனி பிள்ளையைத் தோணிக்குள் எறிந்தாள், தானும் பாய்ந்தாள். கட்டியிருந்த கயிற்றோடு கட்டையையும் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் தோணியை வாவிக்குள் தள்ளியது. மத்தியானம் வரை கண்டல் மரக் கிளையொன்றைப் பிடித்தபடி கிடந்தார்கள். தங்கராசா வரவில்லை. அவனோடு வலை இழுத்த பதினான்கு பேரில் இரண்டு பேர்தான் வந்தார்கள்.

அரிசி மூட்டையையும் அழுகிற பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று போய்ப் பாடசாலைக் காவலாளியிடம் மண்வெட்டி கேட்டாள். சைக்கிள் கொட்டிலுக்குள் நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டாள். இரண்டு ஆள் நீளத்துக்கு, முழங்கால் ஆழத்துக்கு வெட்டத் தொடங்கினாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கோயில் அன்னதானத்துக்கு அப்படி வெட்டுவதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். வெட்டும்போது காதில் தண்ணீர் இரையவில்லை.

வெட்டி முடிக்கிற நேரம் காத்தான்குடியிலிருந்து ஒரு லொறி வந்தது. புடைவைக்கடை முகைதீன்பாவா இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். கந்தூரிச் சோறு ஆக்குகிற பெரிய கிடாரங்கள் நான்கு லொறியில் இருந்தன. கிடங்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஆரு புள்ள இதை வெட்டின?"

"நான்தான். ஏன்?"

"வாய் வாடைக்கு நேர கிடக்கு. கொள்ளிய வச்சா தீ உள்ளுக்கு நிக்காது, ஓடிப் போயிரும். மற்றப் பக்கத்தால வெட்டு."

"மற்றப் பக்கத்தால வெட்டினா புகை முழுக்கப் புள்ளையள் படுக்கிற அறைக்குள்ள போகும் நானா."

"அப்ப சோறு வேகாது."

வதனி மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். உடைந்த மதிலிலிருந்து நாலு செங்கல் எடுத்து வந்து கிடங்கின் வாயை ஒரு சாண் அகலமாகக் குறுக்கினாள். விறகை மூட்டினாள். காற்று அந்தச் சந்துக்குள்ளால் நுழைந்து தீயை நேராக நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. நாலு கிடாரத்துக்கும் ஒரே சூடு. முகைதீன்பாவா சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"சரி, நான் தோத்தன்," என்றார்.

சோறு இறக்கும்போதுதான் அவர் தன் தங்கையையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் அதே காலை கடற்கரையில் பறிகொடுத்தவர் என்பது தெரியவந்தது. வதனி அவருக்கு முதல் தட்டைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். அவளும் நின்றபடியே சாப்பிட்டாள்.

ஐந்து மாதம் அவள் அந்தக் கிடங்கில் சமைத்தாள். விடிய நாலரைக்குத் தீ மூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். அங்கே ஒட்டியிருந்த, அடையாளம் தெரியாத உடல்களின் படங்களைப் பார்ப்பாள். திரும்பிவந்து அரிசி போடுவாள். தங்கராசாவின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. மார்ச் மாதத்தோடு படங்களையும் எடுத்துவிட்டார்கள்.

பழைய ஊரிலேயே வீடு கட்டித் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. வதனி கையெழுத்துப் போட மறுத்தாள். கடல் கேட்கிற இடத்தில் இனி இருக்கமாட்டாள். அண்ணன் இளையதம்பி கரடியனாற்றில் இருந்தார். மனைவி இறந்தபிறகு தனி ஆள். வயல்காரர். அவர் வந்து இருவரையும் கூட்டிப்போனார். கடல் அங்கிருந்து பல மைல்.

கரடியனாற்றிலும் அவள் கால் நிலைகொள்ளவில்லை. கதிர் முற்றிய வட்டைக்குள் காற்று அடித்தால் வயல் முழுவதும் இரையும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து வாசலில் வந்து நிற்பாள். அறுவடைக்கு வருகிற ஐம்பது அறுபது பேருக்கு வட்டை ஓரத்தில் கிடங்கு வெட்டிச் சமைப்பதை அவள் தானாகவே ஏற்றுக்கொண்டாள். வேலை இல்லாத நாளில் வெட்டியதை மூடிவிட்டு வேறொரு இடத்தில் வெட்டுவாள்.

"உனக்கு என்ன புள்ள, காட்டுப்பண்டி மாதிரி நிலத்தக் கிண்டிக்கிட்டுத் திரியிறா?" என்று இளையதம்பி சிரிப்பார்.

சிரித்தது ஒன்றரை வருஷம். பிறகு சண்டை மூண்டு ஷெல் விழத் தொடங்கியது. 2007 மார்ச்சில் ஊர் முழுவதும் உழவு மெசினிலும் சைக்கிளிலும் காலாலும் செங்கலடிப் பக்கம் இறங்கியது. கடலுக்குப் பயந்து மேற்கே போனவள், ஷெல்லுக்குப் பயந்து திரும்பக் கிழக்கே வந்தாள். தலையில் ஒரு பானை. பானைக்குள் மகளின் பாடப்புத்தகங்கள். தோளில் மண்வெட்டி.

வெட்டவெளியான ஒரு காணியில் கூடாரங்கள் அடித்திருந்தார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஆள் போகிற இடம்தான். ஒவ்வொரு குடும்பமும் கூடார வாசலில் கல் வைத்துச் சமைத்தது. இரண்டாவது கிழமை ஒரு கூடாரம் பற்றிக்கொண்டது. உள்ளே யாரும் இருக்கவில்லை, நல்ல காலம். முகாம் பொறுப்பாளர் வந்து, இனி இங்கே யாரும் தீ மூட்டக்கூடாது என்று சொன்னார். வதனி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்ப புள்ளையள் பச்சை அரிசியவா திங்கிற?"

"சமைச்ச சாப்பாடு ஒழுங்குபடுத்துவம் அக்கா."

"எப்ப?"

 அன்று பின்னேரமே காணியின் ஓரத்தில், கூடாரங்களுக்குக் காற்றுக் கீழாக, பொறி அவற்றை நோக்கிப் பறக்காத பக்கத்தில், இருபது அடி நீளத்தில் அவள் கிடங்கை அளந்துவிட்டாள். பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வெட்டினார்கள். வெட்டிய மண்ணையே இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு அணை கட்டினார்கள். பொறி பறந்தாலும் மண்ணில்தான் விழும். பொறுப்பாளர் அடுத்த நாள் வந்து பார்த்தார். அணையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த முகாம் கலையும்வரை இன்னொரு கூடாரம் எரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் திரும்பிப் போக விட்டார்கள். கரடியனாற்று வீட்டில் கூரை பாதி இருந்தது. கிணற்றையும் பாதையையும் வீட்டையும் கண்ணிவெடிக்குச் சோதித்தாயிற்று என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்பக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. வந்த இரண்டாம் நாள் காலை, வழக்கம்போல வதனி மண்வெட்டியை எடுத்தாள். பின்பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் சின்னக் கிடங்கு. தேத்தண்ணி வைக்க அது போதும். தீயை மூட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். இளையதம்பி வந்து தீக்குப் பக்கத்தில் குந்தினார்.

கிடங்குக்குக் கீழே புதைந்து கிடந்த ஏதோ ஒன்று சூடேறி வெடித்தது.

வதனி வாளியோடு திரும்பி ஓடிவந்தபோது புகைக்குள் அண்ணன் மல்லாக்கக் கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் கத்தவில்லை. "நிருஷா எங்க? நிருஷா எங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை வீட்டுக்குள் இருந்தாள். வதனி தன் சேலையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். உழவு மெசினில் ஏற்றி, அதன் இழுவைப் பெட்டியில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். வழி முழுவதும் அவள் சொன்னது ஒன்றுதான்: "நான்தானே வெட்டின. நான்தானே மூட்டின."

அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து, "உள்ளுக்குக் கிடந்தத நீ கண்டா புள்ள மூட்டின?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அது ஓம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு வதனி மண்வெட்டியைத் தொடவில்லை. கரடியனாற்று வீட்டை விட்டு மூன்று பேரும் செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். இளையதம்பி பொய்க்காலோடு ஒரு பெட்டிக்கடை வைத்தார். வதனி சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மரக்கறி வெட்டினாள். விறகடுப்புப் பக்கம் போகமாட்டாள். அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு. அதையும் மேசைக்கு மேலே, சீமெந்துக் கல்லில் வைத்திருந்தாள். வெறும் நிலத்தில் நடக்கும்போது முதலில் கால் பெருவிரலால் தடவிப் பார்ப்பாள். நிருஷா ஒருமுறை பள்ளிக்கூடத் தோட்டத்தில் கன்று நட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னதும் பிள்ளையை அடித்துவிட்டாள். அடித்துவிட்டு வெளியே போய், பஸ் நிலையம் வரை நடந்து, திரும்பி வந்தாள்.

2009 மே மாதம் சண்டை முடிந்த செய்தி வந்த நாள், சந்தியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். வதனி கத்தியைப் போட்டுவிட்டுக் கடை மேசைக்குக் கீழே படுத்தாள். எழும்பி வர வெகுநேரமாயிற்று. வந்து, விட்ட இடத்திலிருந்து கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினாள். கடையில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களிலும் இரண்டு பேர் மேசைக்குக் கீழே இருந்துதான் எழும்பினார்கள்.

2012இல் ஒரு நாள் முகைதீன்பாவாவின் மகன் றிஸான் அந்தக் கடைக்கு வந்தான். பாசிக்குடாக் கடற்கரையில் கட்டிய புதிய ஹோட்டலொன்றில் மேற்பார்வையாளன். சுனாமி முகாமுக்குத் தகப்பனோடு லொறியில் வந்தவன்.

"அக்கா, எங்கட மனேஜருக்கு ஒரு தீக்கிடங்கு வேணும். வெள்ளைக்காரர் சுத்தி இருக்கிறதுக்கு. ஃபயர் பிட் எண்டு சொல்லுறாங்க. மூணு மேசன்மார் கட்டினாங்க. ஒண்டில தீ பத்தாது, மற்ற ரெண்டிலயும் புகை முகத்துக்கு வருது. வாப்பாதான் சொன்னாரு, வதனியக் கேளு எண்டு."

"அதில என்ன சமைக்கிற?"

"ஒண்டும் சமைக்கிற இல்ல. பாக்கிறதுதான்."

"பாக்கிறதுக்குத் தீயா?" என்றாள். பிறகு, "நான் வரமாட்டன் தம்பி. அந்த வேலைய விட்டுட்டன்."

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அதை அண்ணனிடம் சொன்னாள். இளையதம்பி கையைக் கழுவிவிட்டு அவளைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு அவள் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"நாலு வருசத்துக்கு மேல நீ என்ட கால்மாட்டுல காவல் இருக்கிறா. அங்க கால் இல்ல புள்ள. எழும்பிப் போ."

நிருஷா தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நானும் வாறன் அம்மா. பள்ளி லீவுதானே."

கடற்கரையில் இறங்கியதும் வதனி கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். மனேஜர் கொழும்பு ஆள், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். புதிதாகத் திருத்திக் கட்டிய அழகான வட்டக் கிடங்கொன்றைக் காட்டினார். உள்ளே சுற்றிவர வழுவழுப்பான கறுப்புக் கற்கள். ஆற்றுப் படுக்கையிலிருந்து நேற்றுத்தான் லொறியில் வந்தவை. வதனி ஒன்றைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது தண்ணி குடிச்ச கல். சூட்டுக்கு வெடிக்கும் எண்டு சொல்லு."

றிஸான் சிங்களத்தில் சொன்னான். மனேஜர் போனை எடுத்து, இதே மாதிரிக் கல் வைத்த படங்களைக் காட்டினார். எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்றார். பின்னேரம் ஐந்து மணிக்கு வேலையாட்களை வைத்து ஒரு தடவை மூட்டிப் பார்த்தார்கள். வதனி நிருஷாவையும் இழுத்துக்கொண்டு தூரத்தில் போய் நின்றாள். கால்மணி நேரம் ஒன்றும் இல்லை. தீ நன்றாக எரிந்தது. மனேஜர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது முதல் கல் வெடித்தது. துவக்குச் சூடு மாதிரி ஒரு சத்தம். ஒரு சில்லு மனேஜரின் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போனது. வதனி மகளைக் கீழே தள்ளி மேலே விழுந்தாள். இரண்டாவது கல், மூன்றாவது கல். முகத்தை மணலில் புதைத்துக்கொண்டு அண்ணனின் பெயரைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கல். வெறும் கல்லு அம்மா," என்று கீழே இருந்து நிருஷா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சத்தம் ஓய்ந்தது. வதனி எழும்பினாள்.  அவளுக்குக் கோபம் வந்தது. நேரே போய், வேலையாள் ஒருவனின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். வாங்கியபிறகுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அதைக் கீழே போடவில்லை.

"கம்பி ஒண்டு தா," என்றாள் றிஸானிடம்.

மெல்லிய இரும்புக் கம்பி. முழந்தாளிட்டு, சரிவாக, விரலளவு விரலளவாக மணலுக்குள் குத்திப் பார்த்தாள். கரடியனாற்றில் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் அப்படிச் செய்வதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். இது ஏற்கெனவே சோதித்த கரை என்று மனேஜர் சொல்ல வாயெடுத்தார். "விடுங்க சேர்," என்றான் றிஸான். ஒரு மணி நேரம் அவள் குத்தினாள்.  பிறகு வெட்டினாள்.

அன்று இருட்டும்வரையும் அடுத்த இரண்டு நாளும் வேலை. கற்களை எல்லாம் அள்ளி எறியச் செய்தாள். சூளையில் வெந்த செங்கல்தான் சுற்றிவர. அடியில் ஒரு முழத்துக்கு உலர்ந்த மணல். காற்று புக நிலத்துக்குக் கீழால் சின்ன வாய்க்கால். அந்த வாய்க்காலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. பகலில் காற்று கடலிலிருந்து வரும், இருட்டினால் தரையிலிருந்து திரும்பும். எந்த நேரத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று தெரியாமல் வாய் வைக்க முடியாது. அதற்குக் கடலைப் பார்த்து நிற்கத்தான் வேண்டும்.

நின்றாள். மறுநாள் பின்னேரம் நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை, கையில் ஒரு பிடி சாம்பலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பறக்கவிட்டபடி நின்றாள். பாசிக்குடாக் கடல் முழங்கால் அளவில் தட்டையாகக் கிடந்தது. நிருஷா பக்கத்தில் வந்து அவளுடைய கையைப் பிடிக்கப் பார்த்தாள். "கையில சாம்பல்," என்றாள் வதனி. ஆனால் கையை எடுக்கவில்லை.

கிடங்குக்கு இரண்டு பக்கமும் வாய் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூடுகிற செங்கல் செய்தாள். பகல் காற்றுக்கு ஒன்று, இரவுக் காற்றுக்கு மற்றது. தீ நேராக எழுந்தது. விருந்தாளிகள் கதிரை போட்டுச் சுற்றி இருந்தார்கள். வெறும் தீயை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்று அவளுக்குத் தாங்கவில்லை. சமையலறையில் நாலு மரவள்ளிக் கிழங்கு வாங்கித் தணலுக்குள் புதைத்தாள். அதைத் தோலுரித்து, சம்பலோடு கொடுத்ததும் அவர்கள் எழும்பி நின்று சாப்பிட்டார்கள். அதன் பிறகு அந்த ஹோட்டலில் கிழங்கு வழக்கமாயிற்று.

கரையோரத்தில் அடுத்தடுத்து ஹோட்டல்கள் வந்தன. வதனிக்கு அழைப்பும் வந்தது. ஹோட்டல், கல்யாண வீடு, கோயில் அன்னதானம், கந்தூரி. கம்பியும் மண்வெட்டியும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏறிப் போவாள். எங்கேயும் முதலில் கம்பி. அவசரப்படுகிற ஆளின் வேலையை ஏற்கமாட்டாள். செங்கலடியில் பத்துப் பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினாள். ஆனால் அந்த வீட்டில் கிழமையில் இரண்டு நாள் இருந்தாலே அதிகம். இளையதம்பி வாசலில் இருந்து, "வந்தியா, போறியா?" என்று கேட்பார். "வந்துட்டுப் போறன் அண்ணன்," என்பாள்.

2014இல் வாவிக்கரையில் சின்ன விருந்தினர் விடுதி ஒன்றுக்கு வெட்டப் போனாள். கம்பி குத்தும்போது ஒரு முழத்துக்குக் கீழே ஏதோ தட்டியது. கம்பியை அப்படியே விட்டாள். எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னாள். படுத்துக்கொண்டு கையால் மணலை வழித்தாள். இரும்பு இல்லை. கறுப்பு மண், நெருங்கக் கிடந்த மட்டிச் சிப்பிகள், சிவந்து சுட்ட களிமண். அது ஒரு கிடங்கு. யாரோ முன்னொரு காலத்தில் வெட்டி, தீ மூட்டி, மட்டி சுட்டுத் தின்று, விட்டுப் போன கிடங்கு.

விடுதிக்காரர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் சொன்னார். அடுத்த நாள் நஸ்ஹா என்ற இளம் விரிவுரையாளர் வந்தார். தூரிகையால் தட்டி, அளந்து, படம் எடுத்தார்.

"எவ்வளவு காலம் இருக்கும் தங்கச்சி?"

"சோதிச்சாத்தான் தெரியும் அக்கா. நூறு வருசமாவும் இருக்கலாம், ஆயிரமாவும் இருக்கலாம். இது சமையல் கிடங்கு எண்டு எப்படி உடன கண்டுபிடிச்சீங்க?"

வதனி கறுப்பு மண்ணின் ஒரு ஓரத்தைக் காட்டினாள். அங்கே வட்டம் ஒடுங்கி ஒரு சாண் அகலத்தில் நீண்டிருந்தது.

"வாயப் பாருங்க. வாடைக்கு நேர வச்சு, குறுக்கி இருக்கு. மாரியில வந்திருக்காங்க. பொம்புளைதான் வெட்டியிருக்கணும்."

"ஏன் பொம்புளை?"

"புகை அங்கால போகுது பாருங்க, வாவிக்கு. இஞ்சால புள்ளையப் படுக்க வச்சிருப்பா."

நஸ்ஹா அதைத் தன் குறிப்பில் எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வதனி அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அவர்கள் வேலையை முடிக்கும்வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், எழும்பாமல் இருந்தாள். பிறகு விடுதிக்காரரிடம், புதியதை இருபது அடி தள்ளி வெட்டித் தருகிறேன் என்றாள். வெட்டிக் கொடுத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸில் ஏறினாள். அடுத்த நாள் ஏறாவூரில் ஒரு கல்யாண வீடு இருந்தது.